மூன்றாம் முறைக்காரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் தவறி விழுந்தால், அது உடையும் சத்தத்துக்கு முன்னால் மிஸ்ஸின் சத்தம் கேட்கும் என்று அங்கே வேலை செய்த பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுதப்போகிற விடயத்தில் என் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சண்டை ஓய்ந்து, சனங்கள் பற்றை மண்டிய காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். நானாட்டானில் ஒரு பழைய நெற்களஞ்சியத்துக்குப் புதுக்கூரை போட்டு, உள்ளே இரண்டு அறை தடுத்து, வாழைக்கன்று உற்பத்தி செய்யும் ஆய்வுகூடம் ஒன்றைத் திறந்தார்கள். மலைநாட்டில் இதே வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை ஆய்வு உத்தியோகத்தராக அனுப்பினார்கள். நான் மன்னார்த் தீவுக்காரி. ஊருக்குப் பக்கத்தில் வேலை என்றதும் துள்ளிக்கொண்டு வந்தேன். தினமும் காலையில் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து வந்து, பின்னேரம் திரும்பிப் போவேன்.

வேலை என்னவென்றால், வாழைக்கிழங்கின் நடுவில் இருக்கும் சின்னக் குருத்தை வெட்டி எடுத்து, போத்தலுக்குள் களிபோல உறையவைத்த உணவில் ஊன்றுவது. அது அங்கே கிளைத்துப் பெருகும். பெருகியதைப் பிரித்து வேறு போத்தல்களில் வைப்போம். ஒரு கிழங்கிலிருந்து நோயில்லாத கன்றுகள் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். தோட்டம் அழிந்துபோன குடும்பங்களுக்கு அவற்றைக் கொடுப்பதுதான் திட்டம். ஒரேயொரு கரைச்சல். அந்த உணவு குருத்துக்கு எவ்வளவு பிடிக்குமோ, பூஞ்சணத்துக்கும் அவ்வளவு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உள்ளே போனால் போதும், ஒரு கிழமையில் போத்தல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு அடைத்துவிடும். பிறகு குப்பைதான்.

இந்த வேலைக்கு மூன்று பெண்களைப் பழக்கியெடுத்தேன். ஒருவர் எருக்கலம்பிட்டி முஸ்லிம், இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லாரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். அடுத்தவள் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெட்டை, வயது இருபதுதான் இருக்கும், வாய் ஓயாது. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாமவள் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஊரிலிருந்து சைக்கிளில் வருவாள். என் வயதுதான். அவளுடைய சம்பளத்தில்தான் மாமியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். புருஷன் சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவள் பொட்டு வைப்பாள். ஆனால் நல்ல காரியம் ஒன்று தொடங்குகிற இடத்தில் அவளை முன்னுக்குப் பார்க்க முடியாது. ஒருவரும் போகச் சொல்வதில்லை, தானாகவே பின்னுக்குப் போய் நிற்பாள்.

குருத்தை வெட்டி வைக்கும் வேலையைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் கையை நீட்டிச் செய்யவேண்டும். சுத்தமாக்கிய காற்று அதற்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். எங்களிடம் ஒரு பெட்டிதான் இருந்தது. ஆகவே வேலை நேரத்தை நாளுக்கு மூன்று முறையாகப் பிரித்தோம், ஆளுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறைக்கும் வேண்டிய போத்தல்களைக் கிருமி சாகும்படி தனித்தனிக் குக்கரில் அவித்து வைப்போம். திறந்த அன்று ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி முதலில் தொடங்குவது யார் என்று கேட்டேன். ராத்தா பிஸ்மி சொல்லிக்கொண்டு முன்னுக்கு வந்தார். தங்கச்சி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டாவதாக நின்றாள். மற்றவள் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, “நான் கடைசியா செய்யிறன் மிஸ்” என்றாள். அப்படியே எழுதி ஒட்டிவிட்டேன். பிறகு அந்தத் தாளை மாற்றவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் கதை தெளிவாகத் தெரிந்தது. ராத்தாவின் போத்தல்கள் நல்லாயிருந்தன. தங்கச்சியுடையவை பரவாயில்லை. மூன்றாமவளுடையவற்றில் பாதிக்கு மேல் பூஞ்சணம். நான் கத்தினேன். கைகழுவுவது எப்படி என்று சின்னப்பிள்ளைக்குக் காட்டுவதுபோல ஐந்தாறு தரம் காட்டினேன். அவள் ஒவ்வொரு தரமும் நான் சொன்னபடியே செய்தாள். பூஞ்சணம் குறையவில்லை. கடைசியில் பொறுப்பாளர் அறிக்கை கேட்டபோது, ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற விவசாய அதிகாரி, பொல்லாத மனிதர் அல்ல. கன்றுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். மாதமுடிவோடு அவளை நிறுத்திவிட்டு வேறொருத்தியை எடுக்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவளே என் மேசைக்கு வந்தாள்.

“மிஸ், நான் வேலையை விட்டு நிக்கிறன். நீங்கள் வீணா ஏச்சு வாங்க வேண்டாம்.”

“ஏன்?”

“என்ர கைக்கு ராசியில்லை. ஊரிலயும் அப்பிடித்தான் சொல்லுறவை. நான் நட்ட மிளகாய்க்கண்டும் பட்டுப்போகும்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “விசர்க்கதை கதைக்காதேங்கோ! இது ஆய்வுகூடம். ராசியும் மண்ணாங்கட்டியும்!” என்று கத்தினேன். அடுத்த அறையில் கழுவிக்கொண்டிருந்த தங்கச்சி தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

கத்தி முடித்தபிறகு, ராசி இல்லை என்று அவளுக்குக் காட்ட என் பதிவேட்டைத் திறந்தேன். அதில் என்ன காட்டுவது? ஒவ்வொரு நாளும் அவள் கடைசி. ஒவ்வொரு நாளும் மூன்றாவது குக்கரில் அவித்த போத்தல்கள்தான் அவளுக்கு. பழுதுக்குக் காரணம் ஆளா, முறையா, குக்கரா? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. பிரிக்கவே முடியாது. கவனக்குறைவு என்று நான் எழுதியதற்கும் ராசியில்லை என்று ஊர் சொன்னதற்கும் ஒரே அளவு ஆதாரம்தான் இருந்தது. அதாவது, ஒன்றும் இல்லை. பரிசோதனையை எப்படி அமைப்பது என்று பல்கலைக்கழகத்தில் படித்து நல்ல புள்ளியும் எடுத்தவள் நான். வெட்கமாக இருந்தது.

பொறுப்பாளரிடம் போனேன்.

“ஐயா, அவவை நிப்பாட்ட முதல் ஒரு சோதினை செய்து பாக்கவேணும்.”

“என்ன சோதினை? ஆளை மாத்திப் பாப்பம், பிறகு குக்கரை மாத்திப் பாப்பம். ஒவ்வொண்டா மாத்திறதுதானே ஒழுங்கு?”

“ஒவ்வொண்டா மாத்தினா தைப்பொங்கல் வந்திடும் ஐயா. எல்லாத்தையும் ஒண்டாவே மாத்தலாம். ஆனால் முறையா மாத்தவேணும்.”

ஒரு தாளை எடுத்து மூன்றுக்கு மூன்று கட்டம் கீறிக் காட்டினேன். நெடுக்கே மூன்று நாள், குறுக்கே மூன்று முறை. ஒவ்வொரு நாளும் மூவரும் வேலை செய்வார்கள், ஆனால் வரிசை மாறும். மூன்று நாள் முடியும்போது ஒவ்வொருத்தியும் முதல் முறையில் ஒரு தரம், நடு முறையில் ஒரு தரம், கடைசி முறையில் ஒரு தரம் செய்திருப்பாள். குக்கர்களும் அதேமாதிரிச் சுற்றிவரும். காரணம் கையில் இருந்தால், அவள் எந்த முறையில் செய்தாலும் பழுது அவளோடு போகும். முறையில் இருந்தால், யார் செய்தாலும் பழுது அங்கேயே நிற்கும். நிச்சயப்படுத்த இன்னொரு மூன்று நாள். வழக்கமான வேலையைத்தான் செய்யப்போகிறோம், ஒரு போத்தல்கூட மேலதிகமாக வேண்டாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆறு நாள் தாறன். கன்று குறைஞ்சால் நீர்தான் பதில் சொல்லவேணும்” என்றார்.

போத்தல்களில் பெயர் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும்தான் என்றேன். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் என் அலுமாரிக்குள். எண்ணுவது பொறுப்பாளர். யார் எந்த வரிசையில் தொடங்குவது என்பதற்குச் சீட்டுப் போட்டேன். இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மூன்றாமவளே கேட்டாள்.

“தண்ணி குறைஞ்ச சிறுபோகத்துக்குக் காணி பிரிக்கச் சீட்டுப் போடுறமாதிரியோ மிஸ்?”

“ஓம், அதேதான்.”

“அப்ப ஒருத்தரும் குறை சொல்லேலாது” என்றாள். ஆனால் சீட்டைப் பிரித்ததும் முகம் வெளிறிவிட்டது. முதல் நாளே முதல் முறை அவளுக்கு.

விளக்கைக் கொளுத்தவேண்டியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “ராத்தா தொடங்கட்டும் மிஸ். நான் பிறகு செய்யிறன். எல்லாற்ற போத்தலும் பழுதாப்போகும்.”

“சீட்டில வந்ததை மாத்தேலாது.”

“எனக்கு ஏலாது மிஸ்.”

“ஏலாதெண்டால் வீட்ட போங்கோ! உங்களுக்காகத்தான் இவ்வளவும் செய்யிறன், விளங்குதோ?” என்று வெடித்தேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆளுக்காகச் செய்கிற சோதனை சோதனையே அல்ல. அவள் கண் நிறைந்துவிட்டது.

ராத்தாதான் வந்து நெருப்புப்பெட்டியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். “கொளுத்துங்க புள்ள. பழுதானா மூணு பேருக்கும் சேர்த்துத்தான் பழுதாகும். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்” என்றார். இரண்டு குச்சி முறிந்தது. மூன்றாவதில் விளக்கு பிடித்தது. தங்கச்சி, “மாதாவே, ஒரு வழியாப் பத்தீற்றுது” என்று பெருமூச்சு விட, எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆறு நாளும் நான் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பிறகு காத்திருப்பு. நாளுக்கு நான்கு தரம் தட்டுகளைப் போய்ப் பார்ப்பேன், எந்தப் போத்தல் யாருடையது என்று ஊகிக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாதமுடிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பொறுப்பாளர் கொப்பியோடு வந்து ஒவ்வொரு போத்தலாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். நல்லது, பழுது, நல்லது, நல்லது, பழுது. மூன்று பெண்களும் வாசலில் நின்றார்கள். அவள் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தன் பையை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததைக் கண்டேன்.

பட்டியலை எடுத்துவந்து இலக்கங்களைக் கட்டங்களுக்குள் நிரப்பினேன். நிரப்பி முடிக்குமுன்னரே தெரிந்துவிட்டது. குக்கர்களுக்குள் வித்தியாசம் இல்லை. அவள் முதல் முறையில் செய்தவை ராத்தாவின் வழக்கமான போத்தல்கள்போலச் சுத்தமாக இருந்தன. ராத்தா கடைசி முறையில் செய்தவற்றில் பாதிக்கு மேல் பஞ்சு அடைத்திருந்தது. தங்கச்சி கடைசி முறையில் செய்தவையும் அப்படியே. முதல் மூன்று நாளும் அப்படி, அடுத்த மூன்று நாளும் அப்படி. பழுது ஆளோடு போகவில்லை. மூன்றாம் முறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

“யா அல்லாஹ், இது என்ட போத்தலா?” என்று ராத்தா வாயில் கை வைத்தார்.

“அப்ப மூண்டாம் முறையில என்ன இருக்கு?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

எனக்கும் தெரியாது. அன்றைய கடைசி முறை முடிந்த கையோடு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் இருந்தேன். உள்ளே விளக்கு, குருத்தைப் பிடிக்கும் சாமணம், வெட்டும் பிளேட், ஸ்பிரிட் கிளாஸ். சாமணத்தை ஒவ்வொரு தரமும் ஸ்பிரிட்டில் தோய்த்து விளக்கில் காட்டவேண்டும். அது குப்பென்று பற்றி எரிந்து அணையும். அப்படித்தான் அதிலுள்ள கிருமி சாகும். ஸ்பிரிட் கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்தால் வந்ததுதான். அதனால் காலையில் ஒரு கிளாஸ் மட்டும் ஊற்றுவது, இடையில் மாற்றக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். நான்தான். கிளாஸை எடுத்து மணந்து பார்த்தேன். மணமே இல்லை. ஒரு குச்சியைக் கிழித்து அதற்குள் பிடித்தேன். சீ என்று அணைந்தது.

“மிஸ், இது வெறும் தண்ணி!” என்றாள் தங்கச்சி.

நாள் முழுக்கக் காற்று ஓடும் பெட்டிக்குள் திறந்து வைத்த ஸ்பிரிட் பறந்துபோகாமல் என்ன செய்யும்? கழுவிய சாமணத்தோடு வேறு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மலைநாட்டுக் குளிரில் நடந்தது மன்னார் வெயிலில் நடக்காது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“எனக்கும் கடைசி முறையில சாமணத்தில நெருப்புப் பத்தல்லதான்” என்று ராத்தா மெல்லச் சொன்னார். “ஸ்பிரிட் மட்டமாக்கும்னு நினைச்சன். சொன்னா நீங்க ஏசுவீங்கன்னுதான் பேசாம இருந்தன்.”

நான் மூன்றாமவளைத் திரும்பிப் பார்த்தேன். “உங்களுக்கு இவ்வளவு நாளும் பத்தினதோ?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு நாளும் பத்தினதில்லை மிஸ். காலமை மற்றவைக்குப் பத்துறதைக் கண்டிருக்கிறன். நெருப்பும் என்ர கைக்குப் பிடிக்குதில்லையாக்கும் எண்டு நினைச்சன். அதை ஆரிட்டச் சொல்லுறது?”

ராத்தாவுக்குக் கடைசி முறை இரண்டே நாள் வந்தது, இரண்டு நாளிலேயே ஸ்பிரிட்டைக் குறை சொல்ல அவருக்கு முடிந்தது. இவள் இரண்டு மாதம் அந்தக் கிளாஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் முழுக்க என்மேல்தான்.

அன்றே முறைக்கு ஒரு கிளாஸ் என்று சட்டத்தை மாற்றினேன். முதல் அறிக்கையை மீளப்பெற்று, பிழை ஸ்பிரிட்டை ஒரு தரம் மட்டும் ஊற்றச் சொன்ன ஆய்வு உத்தியோகத்தருடையது என்று வேறொன்று எழுதினேன். பொறுப்பாளர் வாசித்துவிட்டு, “உம்மை நீரே ஏன் இவ்வளவு போட்டுக் குடுக்கிறீர்?” என்றார். ஆனால் கையெழுத்து வைத்தார். அவளை நிறுத்தும் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பின்னேரம், மற்ற இருவரும் போய்விட்டார்கள். எனக்குப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, மடியில் வைத்திருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என்ர கையில ஒண்டும் இல்லையோ மிஸ்?”

“ஒண்டும் இல்லை. கண்ணால பாத்தியள்தானே?”

“என்ர மனுசனை ஆமியிட்ட நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்” என்றாள். “பேரைப் பதிஞ்சால் விசாரிச்சுப்போட்டு விடுவினம் எண்டு சொன்னவை. இவர் மாட்டனெண்டு நிண்டவர். நான்தான் இந்தக் கையால பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் அந்த வரிசையில விட்டனான். ராசியில்லாத கை எண்டு அதுக்குப் பிறகுதான் ஊர் சொல்லத் தொடங்கினது. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

எனக்கு வாயடைத்துப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் வென்றுவிட்ட மிதப்பில் இருந்தேன். கட்டம் கீறிய கை சும்மா இருக்குமா?

“அந்த வரிசையில எத்தினை பேர் நிண்டவை?”

“கனபேர் மிஸ். எண்ணேலாது.”

“எல்லாரையும் இப்பிடித்தான் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்தவையோ?”

“ஓம். தாய்மார், பெண்சாதிமார், சகோதரங்கள்.”

“அதில கைராசிக்காரியள் ஒருத்தரும் இல்லையோ?”

அவள் யோசித்தாள். “பெரியக்கா ஒராள் நிண்டவ. எங்கட ஊரில விதைப்புக்கு முதல் பிடி நெல்லு அவவின்ர கையாலதான் போடுவிக்கிறது. மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவ.”

“அந்த மகன் வந்தவனோ?”

“இல்லை.”

“வேற ஆரும்?”

“எங்கட ஊரில ஒருத்தரும் வரேல்லை மிஸ்.”

“பாத்தியளோ!” என்றேன். மேசையில் தட்டியும் இருப்பேன். “ராசியான கையால குடுத்தாலும் அதுதான், உங்கட கையால குடுத்தாலும் அதுதான். எந்தக் கையால குடுத்தாலும் ஒருத்தரும் வரேல்லை. அப்ப உங்கட கையில பிழை இல்லை.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கையை விடுவிக்கப்போய், நான் அவள் புருஷனுடைய கதையை முடித்து வைத்துவிட்டேன். பிழை கையில் இல்லையென்றால், அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் ஒரே முடிவுதான். ஐயோ, என்ன பிறவி நான்! கையில்தான் பிழை என்று இருந்தவரைக்கும் அவர் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறார்.

அவள் அழவில்லை. எழுந்து, பையைத் தோளில் மாட்டி, சைக்கிள் பூட்டின் திறப்பைத் தேடி எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“மிஸ், வரேல்லை எண்டு சொல்லாதேங்கோ” என்றாள். “இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ.”

“ஓம்” என்றேன். “இன்னும் வரேல்லை.”